அமெரிக்க காங்கிரஸ் விசாரணைகள்: யார் மாட்டுகிறார்கள், யார் தப்பிக்கிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டனில் எந்த விவகாரம் வெடித்தாலும், சில நாட்களிலேயே விசாரணைக் குழு, சம்மன், சாட்சியம் என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. இவற்றைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து என் பதில்களைச் சொல்லியிருக்கிறேன். எழுதுகிறவனின் சாய்வு தெரிந்து படிப்பது நல்லது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தவன். அந்தக் கட்சி செய்த கூத்துகளையும் விடப்போவதில்லை.

காங்கிரஸ் என்ன போலீஸா? விசாரிக்கும் அதிகாரம் அதற்கு எங்கிருந்து வந்தது?

போலீஸ் இல்லை. பிரதிநிதிகள் சபையும் செனட்டும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம் அது (இனி வெறுமனே சபை என்றால் பிரதிநிதிகள் சபை). கைது செய்து, குற்றம் சாட்டி, சிறையில் தள்ளும் வேலை நீதித்துறை அமைச்சகத்துடையது. அதன் தலைவர்தான் அட்டர்னி ஜெனரல். அமெரிக்க அரசியல் சட்டத்தில் காங்கிரஸ் விசாரணை நடத்தலாம் என்று ஒரு வரிகூட இல்லை. சட்டம் போடவும் பணம் ஒதுக்கவும் வேண்டுமானால் நாட்டில் நடப்பது தெரிந்திருக்க வேண்டும் என்ற நியாயத்தில் வந்த அதிகாரம் இது. 1791 இறுதியில் ஜெனரல் ஆர்தர் செயின்ட் கிளேரின் படை பூர்வகுடிகளிடம் படுதோல்வி அடைந்தது. மறு ஆண்டே பிரதிநிதிகள் சபை அதை விசாரிக்க, அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் கேட்ட காகிதங்களைக் கொடுத்தார். பழக்கம் அங்கே தொடங்கியது.

நீதிமன்ற முத்திரை விழுந்தது 1927இல். அதற்குப் பின்னால் இருந்தது டீபாட் டோம் ஊழலை ஒட்டிய விசாரணைகள். வயோமிங்கிலும் கலிபோர்னியாவிலும் கடற்படைக்கென ஒதுக்கி வைத்திருந்த எண்ணெய் நிலங்களை, உள்துறை அமைச்சர் ஆல்பர்ட் ஃபால் டெண்டர் இல்லாமல் இரண்டு எண்ணெய் முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டார். அவர்களில் ஒருவரிடமிருந்து 1,00,000 டாலர் ரொக்கம் ஒரு பையில் வந்து சேர்ந்தது. கடன் என்றார் ஃபால். செனட்டர் தாமஸ் வால்ஷ் பொறுமையாகத் தோண்டி எடுத்தார். அதே காலத்தில் அட்டர்னி ஜெனரலின் சகோதரர் மற்றொரு செனட் குழுவின் சம்மனை மதிக்காமல் நீதிமன்றம் போக, சாட்சி சொல்ல ஆளைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஃபால் சிறைக்குப் போனார். வேடிக்கை என்னவென்றால், ஃபால் லஞ்சம் வாங்கினார் என்று ஒரு ஜூரி தீர்ப்பளித்தது. அதே பணத்தைக் கொடுத்த டோஹெனி லஞ்சம் கொடுக்கவில்லை என்று இன்னொரு ஜூரி விடுவித்தது.

இந்தக் குழுக்கள் நடுநிலையானவையா?

இல்லை. சபையில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மையோ அந்தக் கட்சிக்காரர்தான் குழுத் தலைவர். யாருக்குச் சம்மன், யார் எப்போது சாட்சி, எந்த ஆவணம் எந்த நாளில் வெளியே வரும் என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் கையில். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கத்தலாம், அறிக்கைக்குத் தனிக் குறிப்பு எழுதலாம். அதனால்தான் அதிபர் ஒரு கட்சி, சபை இன்னொரு கட்சி என்று இருக்கும்போது மட்டும் விசாரணைகள் ஆடி மாதத்து அம்மன் கோயில் கூழைப் போல ஊருக்கு ஊர் ஊற்றப்படுகின்றன. இரண்டும் ஒரே கட்சி கையில் இருந்தால் பெரும்பாலும் அடுப்பே எரியாது.

சம்மன் வந்தால் போகாமல் இருந்துவிட முடியுமா?

காகிதத்தில் முடியாது. நடைமுறையில் ஆளைப் பொறுத்தது.

மறுத்தவர்மீது சபை அவமதிப்புத் தீர்மானம் போட்டு நீதித்துறை அமைச்சகத்துக்கு அனுப்பும். வழக்குப் போடுவதா வேண்டாமா என்பது அமைச்சகத்தின் முடிவு. அமைச்சகமோ அதிபரின் அரசாங்கத்தைச் சேர்ந்தது. 2012இல் ஒபாமாவின் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர்மீது குடியரசுக் கட்சியின் சபை தீர்மானம் போட்டது. அவருடைய துறையே வழக்கு இல்லை என்றது. 2024இல் பைடனின் அட்டர்னி ஜெனரல் மெரிக் கார்லண்டுக்கும் இதே கதைதான். ஆனால் 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்கள் காங்கிரஸ் கட்டடத்தைத் தாக்கியதை விசாரித்த சபைக் குழுவின் (ஜனவரி 6 குழு) சம்மனைத் தூக்கிப் போட்ட டிரம்பின் முன்னாள் ஆலோசகர்கள் ஸ்டீவ் பேனனும் பீட்டர் நவாரோவும் 2024இல் ஆளுக்கு நான்கு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார்கள். அதே குழுவை மறுத்த, டிரம்பின் தலைமை அலுவலராக இருந்த மார்க் மெடோஸ்மீது வழக்கே வரவில்லை.

சபையே தன் காவலர்களை அனுப்பி ஆளைப் பிடித்துவரும் பழைய அதிகாரம் ஒன்று உண்டு. 1930களுக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் போக மனமில்லை. 2022இல் ஜனவரி 6 குழு, குடியரசுக் கட்சிச் சபை உறுப்பினர் ஜிம் ஜோர்டனுக்குச் சம்மன் அனுப்பியது. அவர் சாட்சி சொல்ல வரவில்லை. 2023 ஜனவரியில் சபை கைமாறியதும் அவரே நீதித்துறைக் குழுவின் தலைவரானார். பிறகு ஊரெல்லாம் சம்மன் அனுப்பி, வராதவர்களைச் சட்டத்தை மதிக்காதவர்கள் என்றார்.

காங்கிரஸ் விசாரணையால் ஓர் அதிபர் உண்மையிலேயே வீட்டுக்குப் போயிருக்கிறாரா?

ஒரே ஒருவர், ரிச்சர்ட் நிக்சன். அந்தக் கதையை எல்லோரும் பத்திரிகையாளர்களின் வீரக் கதையாகச் சொல்கிறார்கள். நான் அதை ஒரு கட்சி தன் தலைவனைக் கைவிட்ட கதையாகப் படிக்கிறேன்.

1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் நுழைந்த 5 பேர் பிடிபட்டார்கள். அந்த நவம்பரில் நிக்சன் 49 மாநிலங்களில் வென்றார். அப்படி வென்றவர்மீது 1973 பிப்ரவரியில் செனட் விசாரணைக் குழு அமைக்க வாக்கெடுப்பு நடந்தபோது கணக்கு 77–0. எதிர்த்து ஒரு குடியரசுக் கட்சிக்காரர்கூட இல்லை. இன்றைக்கு இந்த எண்ணைச் சொன்னால் யாராவது நம்புவார்களா?

குழுவில் ஜனநாயகக் கட்சியினர் 4 பேர், குடியரசுக் கட்சியினர் 3 பேர். தலைவர் சாம் எர்வின், துணைத் தலைவர் குடியரசுக் கட்சியின் ஹோவர்ட் பேக்கர். அதிபருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்ற பேக்கரின் கேள்வி இன்றுவரை ஒவ்வொரு விவகாரத்திலும் திரும்பி வருகிறது. நிக்சனை அடியாட்களிடமிருந்து பிரித்துக் காட்டிக் காப்பாற்றத்தான் அந்தக் கேள்வி முதலில் போடப்பட்டது என்பது பலருடைய கணிப்பு. கேள்வி திரும்பிக் குத்தியது.

வெள்ளை மாளிகையில் ஒலிப்பதிவுக் கருவி இருந்த செய்தி எப்படி வெளியே வந்தது தெரியுமா? மூடிய அறை விசாரணையில் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் குடியரசுக் கட்சித் தரப்பு ஊழியர். 1973 ஜூலை 16 அன்று தொலைக்காட்சி முன்னால் அதையே கேட்டவர் அக்கட்சித் தரப்பின் வழக்கறிஞர் ஃப்ரெட் தாம்சன். அவர் முன்கூட்டியே வெள்ளை மாளிகைக்குத் தகவல் கொடுத்ததும் பிறகு தெரியவந்தது. கட்சி விசுவாசம் அன்றும் இருந்தது. ஆனால் அது கேள்வியைத் தடுக்கவில்லை.

நாடாக்களைத் தர மறுத்தார் நிக்சன். கேட்ட சிறப்பு வழக்கறிஞரை 1973 அக்டோபர் 20 இரவு நீக்க உத்தரவிட்டார். அட்டர்னி ஜெனரலும் அவருடைய துணையும் முடியாது என்று விலகிப் போனார்கள். ஒரு நாடாவில் பதினெட்டரை நிமிடம் காணாமல் போயிருந்தது. 1974 ஜூலை 24 அன்று நாடாக்களைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 8–0 கணக்கில் தீர்ப்பளித்தது. சில நாட்களில் சபையின் நீதித்துறைக் குழு முதல் பதவிநீக்கக் குற்றச்சாட்டை 27–11 என்று நிறைவேற்றியபோது, 27இல் 6 பேர் குடியரசுக் கட்சியினர். ஆகஸ்ட் 5 அன்று வெளிவந்த நாடாவில், சி.ஐ.ஏ.வைக் கொண்டு எஃப்.பி.ஐ. விசாரணையைத் தடுக்கச் சொல்லும் நிக்சனின் பேச்சு இருந்தது. அவருக்கு ஆதரவாக வாக்களித்தவர்களும் மனம் மாறினார்கள். ஆகஸ்ட் 7 அன்று பாரி கோல்ட்வாட்டர், ஹியூ ஸ்காட், ஜான் ரோட்ஸ் என்று சொந்தக் கட்சிப் பெரியவர்கள் மூன்று பேர் நேரில் போய் நிலைமையைச் சொன்னார்கள். சபை குற்றம் சாட்டினால் தீர்ப்பு செனட்டின் கையில். அங்கே தப்பிக்க 34 வாக்கு வேண்டும். கையில் இருந்தது அதற்கு எங்கேயோ கீழே. மறுநாள் இரவு ராஜினாமாவை அறிவித்தார்.

அந்த மூன்று பேர் படியேறியிராவிட்டால், நாடா இருந்தும் அவர் தன் பதவிக்காலத்தை முடித்திருப்பார் என்பது என் கருத்து.

இன்று வாட்டர்கேட் நடந்தால்?

நிக்சன் தப்பித்துவிடுவார். அவர் செய்த தவறு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தது. இப்போதைய முறை, பூசணிக்காயை மேசைமேல் வைத்து இதில் என்ன தப்பு என்று கேட்பது.

2019 ஜூலை 25 அன்று உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கியோடு டொனால்ட் டிரம்ப் தொலைபேசியில் பேசினார். பைடன் குடும்பத்தை விசாரிக்கும்படி கேட்டார். அந்த நேரத்தில் உக்ரைனுக்கான ராணுவ உதவி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. விவகாரம் வெடித்ததும் உரையாடலின் குறிப்பை அவரே வெளியிட்டார். குறையே இல்லாத பேச்சு என்றார். நிக்சன் ஓராண்டுக்கு மேல் பூட்டி வைத்த மாதிரியான பொருளை இவர் சில நாட்களிலேயே ஊருக்குக் காட்டினார். கையும் களவுமாகப் பிடித்தோம் என்று எதிர்த்தரப்பு சொல்ல வழியில்லாமல் போனது. சபை டிசம்பரில் குற்றம் சாட்டியது. செனட் 2020 பிப்ரவரியில் விடுவித்தது. சொந்தக் கட்சியிலிருந்து மாறி வாக்களித்த ஒரே செனட்டர் மிட் ராம்னி.

மாறி வாக்களிப்பதற்கு இப்போது என்ன விலை என்பதையும் பார்க்க வேண்டும். 2021 ஜனவரியில் டிரம்ப்மீதான இரண்டாவது பதவிநீக்கக் குற்றச்சாட்டுக்கு ஆதரவாக வாக்களித்த குடியரசுக் கட்சிச் சபை உறுப்பினர்கள் 10 பேர். 4 பேர் மறுபடி நிற்கவே இல்லை. 4 பேர் உட்கட்சித் தேர்தலில் தோற்றார்கள். 2023இல் சபைக்குத் திரும்பியவர்கள் 2 பேர். கோல்ட்வாட்டர்கள் அந்தப் படியில் ஏறாததற்கு இந்தக் கணக்கே போதும்.

விவகாரத்தைச் சமாளிப்பதில் யார் கெட்டிக்காரர்?

என் பட்டியலில் முதலிடம் ரொனால்ட் ரீகனுக்கு. மனசில்லாமல்தான் சொல்கிறேன்.

1986 நவம்பரில் ஈரானுக்கு ஆயுதம் விற்ற கதை ஒரு லெபனான் பத்திரிகை வழியாக வெளிவந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி, காங்கிரஸ் உதவத் தடைபோட்டிருந்த நிகரகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சிப் படைக்குப் போனதும் பின்னாலேயே தெரிந்தது. பணயக் கைதிகளுக்கு ஈடாக ஆயுதம் தரவில்லை என்று முதலில் டிவியில் மறுத்தார் ரீகன். பிறகு பாதையை மாற்றினார். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் அட்மிரல் பாயின்டெக்ஸ்டர் ராஜினாமா செய்தார், அவருக்குக் கீழே வேலை பார்த்த ஆலிவர் நார்த் நீக்கப்பட்டார், விவகாரத்தை ஆராய டவர் குழு நியமிக்கப்பட்டது. வெள்ளை மாளிகையின் தலைமை அலுவலராக யாரைக் கூட்டிவந்தார்? வாட்டர்கேட்டில் அந்தப் பிரசித்தமான கேள்வியைக் கேட்ட அதே ஹோவர்ட் பேக்கரை. 1987 மார்ச் 4 உரையில், ஆயுதத்துக்கு ஆள் மாற்றவில்லை என்றே தன் மனசு இன்னும் சொல்வதாகவும், ஆதாரங்கள் வேறு மாதிரிச் சொல்வதாகவும் பேசினார். குற்றத்தை ஒப்புக்கொண்டாரா, இல்லையா? இரண்டும்தான். கேட்டவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மிஞ்சியதை 1992 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அதிபர் ஜார்ஜ் புஷ் 6 பேருக்கு மன்னிப்பு வழங்கி முடித்துவைத்தார்.

இரண்டாமிடம் பில் கிளிண்டன். அவருடைய கெட்டிக்காரத்தனத்தில் பாதி எதிரிகளின் புண்ணியம். 1998 ஜனவரியில் ஒரு பெண் ஊழியருடனான உறவை விரல் நீட்டி மறுத்தவர், ஆகஸ்ட் 17 அன்று ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட ஏழு மாதத்தில் அவருடைய கட்சிக்காரர்கள் பொய்யை நம்பித் தொண்டை கிழியப் பேசி மானம் போனார்கள். ஆனாலும் கைவிடவில்லை. பொருளாதாரம் நன்றாக இருந்தது. விவகாரத்தை விசாரித்த தனி வழக்கறிஞர் கென்னத் ஸ்டாரின் அறிக்கை படுக்கையறை விவரங்களில் புரண்டதில் மக்களுக்கு ஸ்டார்மீதே அருவருப்பு வந்தது. அந்த நவம்பரில் ஜனநாயகக் கட்சி சபையில் 5 இடம் கூடுதலாக வென்றது. சபாநாயகர் நியூட் கிங்ரிச் பதவி விலகுவதாக அறிவித்தார். அடுத்துவரவிருந்த பாப் லிவிங்ஸ்டன், கிளிண்டன்மீது குற்றம் சாட்டிய அதே டிசம்பர் 19 அன்று தன் சொந்தக் கள்ள உறவு அம்பலமானதால் ஒதுங்கினார். கடைசியில் சபாநாயகரான டென்னிஸ் ஹாஸ்டர்ட், முன்பு தான் பாலியல் கொடுமை செய்த மாணவனின் வாயை மூடப் பணம் எடுத்த வங்கி வழக்கில் 2016இல் 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். ஒழுக்கத்தின் பெயரால் அதிபரைத் துரத்திய சபையின் கதை இது.

செனட்டில் ஜனநாயகக் கட்சியின் 45 பேரும் கிளிண்டனை விடுவிக்க வாக்களித்தார்கள். ஒருவர்கூடப் பிசகவில்லை. சத்தியப் பிரமாணத்தின் கீழ் பொய் சொன்ன ஒருவருக்காக என் கட்சி அப்படி நின்றதில் எனக்குப் பெருமை இல்லை.

பெங்காசி விசாரணை நியாயமானதுதானே? 4 பேர் செத்தார்களே?

செத்தார்கள். 2012 செப்டம்பர் 11 இரவு லிபியாவின் பெங்காசியில் தூதர் கிறிஸ் ஸ்டீவன்ஸ் உட்பட 4 அமெரிக்கர்கள் கொல்லப்பட்டார்கள். அங்கே பாதுகாப்பு படுமோசமாக இருந்தது என்று, ஹிலாரி கிளிண்டன் அமைச்சராக இருந்த வெளியுறவுத் துறையே அமைத்த ஆய்வுக் குழு அந்த டிசம்பரிலேயே சொன்னது. கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன. பல குழுக்கள் கேட்கவும் செய்தன.

2014 மே மாதம் சபை தனியாக ஒரு சிறப்புக் குழுவைப் போட்டது, ட்ரே கௌடி தலைமையில். அது இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடியது. வாட்டர்கேட் குழுவைவிட நீளம். செலவு 70 லட்சம் டாலருக்கு மேல். 2015 செப்டம்பரில் சபையின் பெரும்பான்மைத் தலைவர் கெவின் மெக்கார்த்தி ஃபாக்ஸ் நியூஸில் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார்: ஹிலாரி கிளிண்டனை வெல்லவே முடியாது என்று எல்லோரும் நினைத்தார்கள், நாங்கள் பெங்காசி குழுவைப் போட்டோம், இன்றைக்கு அவர் செல்வாக்கு எங்கே இருக்கிறது பாருங்கள் என்ற பொருளில் பேசினார். சபாநாயகர் பதவிக்கு வரவேண்டியவர், சில நாட்களில் போட்டியிலிருந்தே விலகினார்.

அக்டோபர் 22 அன்று ஹிலாரி கிட்டத்தட்ட 11 மணி நேரம் அந்த அறையில் இருந்தார். குரல் உயரவில்லை. கேட்டவர்கள்தான் களைத்துப் போனார்கள். 2016 ஜூனில் வந்த இறுதி அறிக்கையில் அவர்மீது புதிதாகக் குற்றம் எதுவும் இல்லை.

குடியரசுக் கட்சி நண்பர்கள் இங்கே, மின்னஞ்சல் விவகாரம் அந்தக் குழுவால்தானே வெளிவந்தது என்பார்கள். சரிதான். ஆவணங்களைத் தேடப்போய்த்தான் அவர் அரசுப் பணிக்குச் சொந்த சர்வரைப் பயன்படுத்தியது தெரியவந்தது. அதைக் கையாண்ட விதத்தில் அவர் பூஜ்யம். 2015 மார்ச்சில் வசதிக்காகச் செய்தேன் என்றார். சுமார் 30,000 மின்னஞ்சல்களைக் கொடுத்து, அதே அளவு சொந்த விஷயங்களை அழித்துவிட்டதாகச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் வாயிலிருந்து வர செப்டம்பர் ஆனது. முதல் வாரத்திலேயே தவறு, மன்னியுங்கள் என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கொடுத்திருந்தால், சொட்டுச் சொட்டாக ஒன்றரை ஆண்டு தலைப்புச் செய்தி ஆகியிருக்காது. எஃப்.பி.ஐ. தலைவர் ஜேம்ஸ் கோமி 2016 ஜூலையில் மிக அலட்சியம், ஆனால் வழக்குக்கு இடமில்லை என்றார். தேர்தலுக்கு 11 நாள் முன்னால் மறுபடி ஒரு கடிதம் போட்டார். மிச்சம் தெரிந்த கதை.

2025 மார்ச்சில், ஏமன்மீதான தாக்குதல் திட்டத்தை டிரம்ப் அமைச்சர்கள் சிக்னல் செயலிக் குழுவில் பேசிக்கொண்டிருந்தார்கள். தி அட்லாண்டிக் இதழின் ஆசிரியரைத் தெரியாமல் அந்தக் குழுவில் சேர்த்திருந்தார்கள். சர்வர் சர்வர் என்று அழுதவர்கள் பெங்காசி போல ஒரு சிறப்புக் குழு கேட்டார்களா என்று தேடிப் பாருங்கள்.

உங்கள் கட்சி மட்டும் யோக்கியமா? ஜனவரி 6 குழு வெறும் நாடகம்தானே?

நாடகத் தன்மை இருந்தது. இரவு நேர ஒளிபரப்பு, வெட்டி ஒட்டிய காணொளி எல்லாம் திட்டமிட்டவை. உள்ளே இருந்த சரக்கு நாடகமல்ல. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். டிரம்புக்கு எதிராகப் பேசியவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர் நியமித்தவர்கள், அவருக்காக வேலை செய்தவர்கள், அவர் கட்சிக்காரர்கள்.

முதலில் இரண்டு கட்சிக்கும் சம பங்குள்ள ஒரு தனி ஆணையத்துக்குத்தான் மசோதா வந்தது. 2021 மே மாதம் செனட்டில் 54–35 என்று ஆதரவு கிடைத்தும், தேவையான 60 இல்லாததால் செத்தது. தடுத்தது குடியரசுக் கட்சி. பிறகு சபாநாயகர் நான்சி பெலோசி சபைக் குழுவை அமைத்தார். மெக்கார்த்தி கொடுத்த 5 பெயர்களில் ஜோர்டனையும் ஜிம் பேங்க்ஸையும் நிராகரித்தார். மெக்கார்த்தி 5 பேரையும் திரும்பப் பெற்றார். பெலோசி செய்தது தவறு என்பது என் எண்ணம். அவர்களை உள்ளே விட்டிருந்தால் கூச்சல் போட்டிருப்பார்கள், நேரம் வீணாகியிருக்கும். ஒருதலைக் குழு என்ற பழி மட்டும் ஒட்டியிருக்காது. மெக்கார்த்தி செய்ததும் அசட்டுத்தனமே. தன் ஆட்கள் ஒருவர்கூட இல்லாத மேடையை எதிராளிக்கு எழுதிக் கொடுத்தார்.

துணைத் தலைவராக உட்கார்ந்தவர் குடியரசுக் கட்சியின் லிஸ் செய்னி. 1987 ஈரான்–கான்ட்ரா விசாரணையில் ரீகனைக் காத்து நின்று சிறுபான்மை அறிக்கைக்குத் தலைமை தாங்கிய டிக் செய்னியின் மகள். 2022 ஆகஸ்ட் உட்கட்சித் தேர்தலில் வயோமிங் அவரைத் தூக்கி எறிந்தது.

யோக்கியம் பற்றிக் கேட்டீர்கள். செனட்டர் பாப் மெனென்டெஸ் வீட்டில் தங்கக் கட்டிகளும், கோட்டுப் பைகளில் ரொக்கமும் கிடைத்தன. 2023இல் குற்றச்சாட்டு வந்த சில நாட்களிலேயே அவருடைய கட்சி செனட்டர்களில் பாதிக்கு மேல் விலகச் சொன்னார்கள். அவர் அசையவில்லை, குற்றவாளி என்று ஜூரி தீர்ப்பளித்த பிறகே 2024 ஆகஸ்டில் போனார். அதற்கு மேல் கட்சி எதுவும் செய்யவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று ஜோ பைடன், செய்யமாட்டேன் என்று சொல்லியிருந்ததை மறந்து, தன் மகன் ஹண்டருக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். அதற்கு நான் என்ன சமாதானம் சொன்னாலும் எனக்கே பிடிக்கவில்லை.

பைடன்மீது பதவிநீக்க விசாரணை நடந்ததே, என்ன ஆயிற்று?

ஒன்றும் ஆகவில்லை. 2023 டிசம்பரில் 221–212 என்று சபை முறைப்படி அனுமதி கொடுத்தது. பைடனுக்கு லஞ்சம் போனதாகச் சொன்ன முக்கியத் தகவலாளி அலெக்சாண்டர் ஸ்மிர்னோவ்மீதே எஃப்.பி.ஐ.யிடம் பொய் சொன்னதாக 2024 பிப்ரவரியில் வழக்கு வந்தது. பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். தீர்மானம் சபையின் வாக்கெடுப்புக்கே வரவில்லை.

சாட்சிக்கு விலக்குரிமை (இங்கே சொல்வதை உங்களுக்கு எதிராக வழக்கில் பயன்படுத்தமாட்டோம் என்ற உறுதி) கொடுத்துப் பேச வைக்கிறார்களே, அது நல்லதா?

டிவிக்கு நல்லது, வழக்குக்குக் கெடுதல். ஆலிவர் நார்த்துக்கு 1987இல் அப்படிக் கொடுத்தார்கள். பதக்கங்கள் மின்னும் சீருடையில் வந்தவர், சில நாட்களில் பாதி நாட்டுக்கு நாயகனானார். 1989இல் மூன்று குற்றங்களில் தண்டனை. மேல்முறையீட்டில், காங்கிரஸில் சொன்ன சாட்சியம் வழக்கின் சாட்சிகளைப் பாதித்திருக்கலாம் என்று அத்தனையும் சரிந்தது. பாயின்டெக்ஸ்டரும் அதே வழியில் வெளியே வந்தார். காங்கிரஸ் அவசரப்படும் இடத்தில் வழக்கறிஞர் தோற்கிறார்.

உறுப்பினர்கள் ஏன் கேள்வி கேட்காமல் சொற்பொழிவு ஆற்றுகிறார்கள்?

ஆளுக்கு 5 நிமிடம். அதில் நாலு நிமிடம் தன் தொகுதிக்காரர்களுக்கான காணொளித் துண்டு. உண்மையான குடைச்சலைக் குழுவின் வழக்கறிஞர்கள் மூடிய அறையில் மணிக்கணக்காகச் செய்கிறார்கள். அந்தப் பதிவுகளைப் படித்தால்தான் விஷயம் கிடைக்கும். அந்த 5 நிமிடத்தை ஒழுங்காகப் பயன்படுத்துபவர்கள் சிலர் உண்டு. செனட்டராக இருந்தபோது கமலா ஹாரிஸ், யாரையாவது விசாரிக்கும்படி வெள்ளை மாளிகையில் எவராவது கேட்டார்களா என்று 2019இல் அட்டர்னி ஜெனரல் பில் பாரை மடக்கினார். அவர் சொல் தேடித் தடுமாறினார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தியும் மேற்பார்வைக் குழுவில் கேட்பவர்தான்.

எப்ஸ்டீன் கோப்புகள் விஷயத்தில் எப்படி 427–1 வந்தது? டிரம்ப் எதிர்த்தாரே?

எதிர்த்தார், பல மாதம். பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் தொடர்பான அரசுக் கோப்புகளை வெளியிடக் கட்டாயப்படுத்தும் மசோதாவைச் சபாநாயகர் மைக் ஜான்சன் வாக்கெடுப்புக்கு விடவில்லை. குடியரசுக் கட்சியின் தாமஸ் மேஸியும் ஜனநாயகக் கட்சியின் ரோ கன்னாவும், சபாநாயகரைத் தாண்டி மசோதாவை இழுத்துவரும் மனுவைத் தொடங்கினார்கள். 218 கையெழுத்து வேண்டும். ஜனநாயகக் கட்சியினர் எல்லோரும் போட்டார்கள். அது எளிது, அவர்களுக்கு இழப்பில்லை. குடியரசுக் கட்சியிலிருந்து வந்தவை 4: மேஸி, மார்ஜரி டெய்லர் கிரீன், லாரன் போபர்ட், நான்சி மேஸ். இவர்களில் சிலரைப் பின்வாங்க வைக்க வெள்ளை மாளிகை முயன்றது. யாரும் பெயரை எடுக்கவில்லை. 2025 நவம்பர் 12 அன்று புதிதாகப் பதவியேற்ற அடலீட்டா கிரிஹால்வாவின் கையெழுத்து 218ஆவதாக விழுந்தது.

அணை உடையும் என்று தெரிந்ததும் டிரம்ப் நாலே நாளில் திரும்பினார். ஒளிக்க ஒன்றுமில்லை, குடியரசுக் கட்சியினர் ஆதரித்து வாக்களியுங்கள் என்றார். 18ஆம் தேதி சபையில் 427–1. எதிர்த்த ஒருவர் லூசியானாவின் கிளே ஹிக்கின்ஸ். செனட் வாக்கெடுப்பே இல்லாமல் ஏற்றது, மறுநாள் அதிபர் கையெழுத்திட்டார். தோற்கப்போகிற ஊர்வலத்துக்கு முன்னால் ஓடிப்போய்க் கொடியைப் பிடித்துக்கொள்ளும் சாமர்த்தியத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஆக, 427 என்ற எண்ணில் எனக்கு வியப்பு ஏதும் இல்லை. வேலையைச் செய்தது அந்த 4. அவர்களில் கிரீனைத் துரோகி என்று டிரம்ப் திட்டினார். வாக்கெடுப்பு முடிந்த சில நாட்களிலேயே அவர் 2026 ஜனவரியில் சபையை விட்டுப் போவதாக அறிவித்தார்.